அமெரிக்காவில் இனவெறிப் பேச்சு குற்றமா? பேச்சுரிமைச் சட்டம் குறித்த ஓர் எளிய விளக்கம்

அமெரிக்காவில் இனப் பிரச்சினை தலைதூக்கும்போதெல்லாம் நம் சமூக ஊடகங்களில் இரண்டு கூற்றுகள் தவறாமல் வலம் வருகின்றன. "அங்கே யார் வேண்டுமானாலும் எதையும் பேசலாம், சட்டம் கேட்காது" என்பது ஒன்று. "கறுப்பின மக்களைப் பற்றி ஒரு வார்த்தை தவறாகப் பேசினால் வேலையே போய்விடுகிறது, பிறகு என்ன பேச்சுரிமை?" என்பது மற்றொன்று. முதல் கூற்று பாதி உண்மை. இரண்டாவதில் சொல்லப்படுவது உண்மையிலேயே நடக்கிறது. ஆனால் அதிலிருந்து எடுக்கப்படும் முடிவு தவறானது. அமெரிக்கர்களிலும் பெரும்பாலோர் இந்த இரண்டுக்கும் இடையில்தான் தடுமாறுகிறார்கள்.

சட்டம் படிக்காதவர்களை மனத்தில் வைத்து எழுதப்படும் இக்கட்டுரையில் சில வழக்குகள் வரும். அவற்றின் பெயர்கள் மறந்துபோனாலும் பாதகமில்லை. இன்று அங்கே இனவெறியர்களைச் சிறையிலிருந்து காக்கும் சட்ட விதிகளும், இனவெறியை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்களைக் காத்த சட்ட விதிகளும் பெரும்பாலும் ஒன்றே என்பது மட்டும் விளங்கினால் போதும். மற்றவை அதிலிருந்து விளங்கிவிடும்.

பலகையை மாட்டியவர் யார்?

நம் ஊர்த் தேநீர்க் கடைகளிலும் முடிதிருத்தும் நிலையங்களிலும் "இங்கு அரசியல் பேசாதீர்கள்" என்ற பலகையைப் பார்த்திருப்போம். தேர்தலைப் பற்றி உரக்க வாதிட்ட ஒருவரைக் கடைக்காரர் "அண்ணே, டீயைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்று அனுப்பிவிட்டால் அவருக்கு வருத்தம் வரலாம். மறுநாளிலிருந்து அவர் எதிர்க் கடைக்குப் போகலாம். அரசமைப்புச் சட்டம் தந்த உரிமை பறிபோய்விட்டதென்று வழக்குத் தொடுக்க மட்டும் அவரால் முடியாது. அதே மனிதரை அதே பேச்சுக்காகக் காவல் துறை கைது செய்தால் நிலைமை அடியோடு மாறிவிடும்.

அமெரிக்கப் பேச்சுரிமையைப் புரிந்துகொள்வதற்கான முதல் படி இந்த வேறுபாடுதான். அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தில் 1791இல் நடைமுறைக்கு வந்த முதல் திருத்தம், பேச்சுரிமையையோ பத்திரிகை உரிமையையோ குறைக்கும் எந்தச் சட்டத்தையும் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றக் கூடாது என்கிறது. அதாவது, கட்டளை அரசுக்கு இடப்பட்டிருக்கிறது. தொடக்கத்தில் அது ஒன்றிய அரசை மட்டுமே கட்டுப்படுத்தியது. உள்நாட்டுப் போர் முடிந்து, விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் குடியுரிமையை உறுதிசெய்வதற்காக 1868இல் பதினான்காம் திருத்தம் வந்தது. அந்தத் திருத்தத்தின் வழியாகவே, 1925 முதல், பேச்சுரிமை மாநில அரசுகளையும் கட்டுப்படுத்துகிறது என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இன நீதிக்கான போராட்டமும் பேச்சுரிமையும் தனித்தனிப் பாதைகளில் வந்தவை என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

பேச்சைத் தடுப்பது அரசோ அதன் உறுப்போ என்றால் மட்டுமே முதல் திருத்தம் குறுக்கே வரும். சட்ட வழக்கில் இதை 'அரசின் செயல்' என்பார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ அணியின் அமெரிக்கக் கால்பந்து வீரர் காலின் கேப்பர்னிக், காவல் துறையினர் கறுப்பின மக்களை நடத்தும் விதத்தைக் கண்டித்து, 2016இல் நாட்டுப்பண் இசைக்கப்பட்டபோது முதலில் எழாமல் அமர்ந்திருந்தார்; பிறகு மண்டியிட்டார். அந்தப் பருவத்திற்குப் பின் எந்த அணியும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அணிகளும் கூட்டமைப்பும் தனியார் என்பதால் முதல் திருத்தம் அவருக்கு உதவாது. அணிகள் கூடிப் பேசித் தம்மை ஒதுக்கிவிட்டதாக, தொழிலாளர் ஒப்பந்தத்தின் அடிப்படையில்தான் அவர் முறையிட்டார். 2019இல் அது சமரசத்தில் முடிந்தது. ஆனால் அரசுப் பள்ளி அரசின் உறுப்பு. ஆகவே, கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்த பள்ளிப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 1943இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. பலகையை மாட்டியவர் கடைக்காரரே என்றாலும், "மாட்டாவிட்டால் உன் உரிமத்தைப் பறிப்பேன்" என்று ஓர் அதிகாரி பின்னாலிருந்து மிரட்டியிருந்தால் அது அரசின் செயலாகிவிடும். நியூயார்க் மாநில நிதித் துறையின் மேற்பார்வையாளர் காப்பீட்டு நிறுவனங்களை நெருக்கி, தேசியத் துப்பாக்கிச் சங்கத்துடனான உறவைத் துண்டிக்க வைத்தார் என்று தொடரப்பட்ட வழக்கில், அப்படி நெருக்கியிருந்தால் அது முதல் திருத்தத்தை மீறும் செயல் என்று 2024இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது.

இந்திய வாசகருக்கு இதில் ஒரு கூடுதல் தடுமாற்றம் நேர்வது இயல்பு. நம் அரசமைப்புச் சட்டம் 19ஆம் உறுப்பில் பேச்சுரிமையைத் தந்த கையோடு, அதை எந்தெந்தக் காரணங்களுக்காகக் கட்டுப்படுத்தலாம் என்ற பட்டியலையும் தருகிறது. அந்தப் பட்டியலில் 'பொது ஒழுங்கு' என்பது 1951இல் சேர்க்கப்பட்டது. ஓர் இதழ் மாநிலத்திற்குள் வருவதை மெட்ராஸ் அரசு தடைசெய்து, 1950இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றதும் அந்த மாற்றத்திற்கு ஒரு காரணம். அமெரிக்க முதல் திருத்தத்தில் அத்தகைய பட்டியல் கிடையாது. விலக்குகள் எல்லாம் நீதிமன்றங்கள் வழக்குக்கு வழக்கு செதுக்கியவை.

இதுவரை பார்த்தது: முதல் திருத்தம் அரசைக் கட்டுப்படுத்துகிறது, தனியாரைக் கட்டுப்படுத்துவதில்லை. வேலையிலிருந்து நீக்கிய தனியார் நிறுவனம் நியாயமாக நடந்ததா என்பது வேறு விவாதம். 2020 ஜூலையில் எழுத்தாளர்களும் அறிஞர்களுமாக 150க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு வெளியிட்ட, திறந்த விவாதத்திற்கான இடம் சுருங்குகிறது என்ற கடிதமும், அதற்கு வந்த பதில்களும் அந்த விவாதத்தைச் சேர்ந்தவை. அது பண்பாட்டைப் பற்றிய சண்டை. சட்டக் கேள்வி அதைவிடக் குறுகலானது.

'வெறுப்புப் பேச்சு' என்றொரு சட்டப் பிரிவு அங்கே இல்லை

தொலைக்காட்சியிலும் பல்கலைக்கழகங்களிலும் 'வெறுப்புப் பேச்சு' என்ற சொல் புழங்குகிறது என்றாலும், அமெரிக்கச் சட்டத்தில் அந்தப் பெயரில் தண்டிக்கத்தக்க ஒரு பிரிவு கிடையாது. ஓர் இனத்தையோ மதத்தையோ இழிவுபடுத்துகிறது என்ற ஒரே காரணத்திற்காக ஒரு பேச்சை அரசு தண்டிக்க முடியாது. ஒரு விவாதத்தில் ஒரு தரப்பின் கருத்தை மட்டும் அரசு ஒடுக்குவதை நீதிபதிகள் 'கண்ணோட்டப் பாகுபாடு' என்பார்கள். முதல் திருத்தம் மிகக் கடுமையாக வெறுப்பது அதைத்தான்.

இது எவ்வளவு தூரம் போகிறது என்பதற்குச் சைமன் டாம் என்ற இசைக் கலைஞரின் வழக்கு நல்ல சான்று. ஆசிய அமெரிக்கர்களைக் கொண்ட தம் இசைக் குழுவிற்கு, ஆசியர்களின் கண்களைக் கேலி செய்யும் ஒரு வசைச்சொல்லையே அவர் பெயராக வைத்திருந்தார். இழிசொல்லைத் தாமே எடுத்துக்கொண்டு அதன் நச்சைப் போக்குவது அவருடைய நோக்கம். இழிவுபடுத்தும் பெயர்களைப் பதிவுசெய்யக் கூடாது என்ற சட்டப் பிரிவைக் காட்டி, வணிகக் குறி அலுவலகம் அவருடைய விண்ணப்பத்தை நிராகரித்தது. 2017இல் அந்தப் பிரிவே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. சிறுபான்மையினரின் மனம் புண்படாமல் காக்கும் என்று எண்ணப்பட்ட ஒரு விதி, அந்தச் சிறுபான்மையைச் சேர்ந்த ஒருவரின் வாயையே முதலில் அடைத்தது. விதியை நடைமுறைப்படுத்தும் அலுவலருக்குப் பேசுபவரின் நோக்கம் தெரிவதில்லை. அவர் கையில் இருப்பது சொல் மட்டுமே.

அப்படியானால் எல்லையே இல்லையா? உண்டு. உடனடி வன்முறையைத் தூண்டுவது, ஒருவரைக் குறிவைத்து மிரட்டுவது, பொய்யால் ஒருவரின் பெயரைக் கெடுப்பது, வேலையிடத்தில் தொடர்ந்து துன்புறுத்துவது ஆகியவற்றுக்குப் பாதுகாப்புக் கிடையாது. இவை அனைத்திலும் நீதிமன்றம் கேட்கும் கேள்வி, அந்தப் பேச்சு எவ்வளவு அருவருப்பானது என்பதைப் பற்றியதன்று. அது ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு, ஒரு குறிப்பிட்ட சூழலில் என்ன செய்கிறது என்பதைப் பற்றியது.

அடிமை முறைக்குப் பேச்சு ஏன் அச்சமூட்டியது

இப்படி ஒரு சட்டம் ஏன் உருவானது என்பது வரலாற்றைப் பார்க்காமல் விளங்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவில் மிகத் தீவிரமாக ஒடுக்கப்பட்ட கருத்து, அடிமை முறையை ஒழிக்க வேண்டும் என்ற கருத்தே. 1835 ஜூலையில், நியூயார்க்கிலிருந்து அஞ்சலில் வந்த அடிமை ஒழிப்புத் துண்டறிக்கைகளைத் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் ஒரு கும்பல் அஞ்சல் நிலையத்திலிருந்து அள்ளிச் சென்று எரித்தது. ஒன்றிய அரசின் அஞ்சல் துறைத் தலைவர் அதைக் கண்டும் காணாமல் இருந்தார். அடிமை முறைக்கு எதிராக வரும் மனுக்களை விவாதிக்காமலேயே ஒதுக்கிவிடும் விதி, 1836 முதல் 1844 வரை பிரதிநிதிகள் சபையில் நடைமுறையில் இருந்தது. முன்னாள் குடியரசுத் தலைவரான ஜான் குயின்சி ஆடம்ஸ், சபை உறுப்பினராக இருந்து ஆண்டுக்கணக்கில் அதனுடன் மல்லுக்கட்டினார். 1837இல் இல்லினாய் மாநிலத்தின் ஆல்டன் நகரில், தம் அச்சு இயந்திரத்தைக் காக்க முயன்ற பத்திரிகையாசிரியர் எலைஜா லவ்ஜாய் ஒரு கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அடிமையாகப் பிறந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ் இதன் பொருளை மற்ற எவரையும்விடத் தெளிவாகச் சொன்னவர். 1860 டிசம்பரில் பாஸ்டனில் அடிமை ஒழிப்பாளர்களின் கூட்டத்தை ஒரு கும்பல் கலைத்தது. சில நாள்கள் கழித்து அதே நகரில் பேசிய டக்ளஸ், பேச்சை நசுக்குவது இரட்டைத் தவறு என்றார்: பேசுபவரின் உரிமையோடு கேட்பவரின் உரிமையையும் அது பறிக்கிறது. அடிமை முறையால் சுதந்திரமான பேச்சைத் தாங்க முடியாது என்பதும் அந்த உரையின் கருத்து. முப்பதாண்டுகள் கடந்த பின்னும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 1892இல் மெம்ஃபிஸ் நகரில் கும்பல் கொலைகளை அம்பலப்படுத்தி எழுதிய கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸின் அலுவலகம் அடித்து நொறுக்கப்பட்டது. அவருடைய பத்திரிகையின் பெயரிலேயே 'சுதந்திரப் பேச்சு' இருந்தது.

இந்தக் காலம் முழுவதும் முதல் திருத்தம் ஏட்டில் இருந்தது. ஏட்டில் இருந்தது நீதிமன்றத்தில் பல் முளைத்து நின்றது இருபதாம் நூற்றாண்டில்தான். அதற்குப் பெரும் பங்களித்தவை சம உரிமைக்காகக் கறுப்பின மக்கள் நடத்திய குடிமை உரிமை இயக்கத்திலிருந்து வந்த வழக்குகள்.

ஒரு விளம்பரமும் ஐந்து லட்சம் டாலரும்

1956இல் அலபாமா மாநிலம், கறுப்பின மக்களின் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கத்தை, அதாவது என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பை, முடக்க முயன்றது. உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியலைக் கொடு என்றது. அன்றைய அலபாமாவில் அந்தப் பட்டியல் வெளியே வந்தால் வேலை போகும்; வீட்டில் குண்டு விழவும் கூடும். சங்கம் மறுத்தது. 1,00,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 1958இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சங்கத்தின் பக்கம் நின்று, பெயர் வெளியிடாமல் ஒன்றுகூடும் உரிமையும் பேச்சுரிமையின் பகுதியே என்றது.

அடுத்து வந்த வழக்கு இன்னும் பெரியது. 1960 மார்ச் 29 அன்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழில், மார்ட்டின் லூதர் கிங்கின் வழக்குச் செலவுக்கும் இயக்கத்துக்கும் நிதி கேட்டு ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்தது. அலபாமாவின் மாண்ட்கோமரி நகரில் மாணவர்கள் நடத்தப்பட்ட விதத்தை அது கண்டித்தது. அதில் சில பிழைகள் இருந்தன. கிங் நான்கு முறை கைதானதை ஏழு முறை என்று எழுதியிருந்தார்கள். மாணவர்கள் பாடிய பாட்டின் பெயரும் தவறு. தம் பெயர் விளம்பரத்தில் எங்குமே இல்லாவிட்டாலும், காவல் துறைப் பொறுப்பை வகித்த நகர ஆணையர் சல்லிவன் அவதூறு வழக்குத் தொடுத்தார். அந்த நாளிதழ் அலபாமா முழுவதிலும் விற்றது 394 படிகள்தாம். மாண்ட்கோமரி வட்டாரத்தில் ஏறத்தாழ 35. ஆனாலும் உள்ளூர் நடுவர் குழு கேட்டபடியே 5,00,000 டாலரைத் தீர்த்தது. விளம்பரத்தில் பெயர் இடம்பெற்ற நான்கு கறுப்பினப் போதகர்களும் பிரதிவாதிகளாக்கப்பட்டார்கள்.

இந்தத் தீர்ப்பு நிலைத்திருந்தால் தெற்கின் நிகழ்வுகளை எந்த வடக்கத்திய பத்திரிகையும் துணிந்து எழுதியிருக்காது. ஒவ்வொரு சிறு பிழையும் ஒரு திவால் நோட்டீஸாக மாறியிருக்கும். 1964இல் உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாகத் தள்ளுபடி செய்தது. பொது அதிகாரி அவதூறு வழக்கில் வெல்ல வேண்டுமானால், எழுதியவர் பொய் என்று தெரிந்தே எழுதினார் அல்லது உண்மையா பொய்யா என்று பாராமல் அலட்சியமாக எழுதினார் என்று காட்ட வேண்டும் என்பது அன்று பிறந்த விதி. இன்றும் அமெரிக்கப் பத்திரிகைகள் அரசியல்வாதிகளின் வழக்குகளுக்கு அஞ்சாமல் எழுத முடிவது, இன ஒதுக்கலைக் கண்டித்த அந்த விளம்பரத்தால்தான்.

கிளான் தலைவருக்காக வந்த விதி

1964இல் ஓஹாயோ மாநிலத்தின் ஒரு பண்ணையில், கறுப்பின மக்களை அச்சுறுத்திவந்த வெள்ளை ஆதிக்க அமைப்பான கு கிளக்ஸ் கிளானின் கூட்டம் நடந்தது. தொலைக்காட்சிச் செய்தியாளரை அவர்களே அழைத்திருந்தார்கள். முக்காடு அணிந்தவர்கள் சிலுவையை எரித்தார்கள். தலைவர் கிளாரன்ஸ் பிராண்டன்பர்க், வெள்ளை இனத்தை அரசு தொடர்ந்து ஒடுக்கினால் பழிவாங்க நேரலாம் என்றார். மாநிலத்தின் பழைய சட்டம் ஒன்றின்படி அவருக்குச் சிறையும் 1,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. 1969இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்து ஒரு விதியை வகுத்தது. வன்முறையை ஆதரித்துப் பேசுவது மட்டும் குற்றமாகாது. பேச்சு உடனடிச் சட்டமீறலைத் தூண்டும் நோக்கம் உடையதாகவும், அத்தகைய சட்டமீறல் நிகழும் வாய்ப்பு உடையதாகவும் இருந்தால் மட்டுமே தண்டிக்கலாம். இதைத்தான் 'உடனடித் தூண்டல்' விதி என்கிறோம்.

பிராண்டன்பர்க்கின் மனுவில் கையெழுத்திட்ட வழக்கறிஞர்களில் எலனோர் ஹோம்ஸ் நார்ட்டன் ஒருவர். கறுப்பினப் பெண்; மிசிசிப்பியில் இயக்கப் பணி செய்தவர்; பிற்காலத்தில் வாஷிங்டன் நகரின் பிரதிநிதியாகக் காங்கிரசுக்குச் சென்றவர். பிராண்டன்பர்க் தீர்ப்புக்கு முந்தைய ஆண்டு, மேரிலாந்தில் கூட்டம் நடத்தத் தடை பெற்ற ஒரு வெள்ளை ஆதிக்கக் கட்சிக்காக அவரே உச்ச நீதிமன்றத்தில் வாதாடி வென்றிருந்தார். அவருடைய கணக்கு எளிமையானது: அந்தத் தடையாணையை இன்று வெள்ளை ஆதிக்கவாதிகள் மீது செல்ல விட்டால், நாளை தெற்கின் நீதிபதிகள் அதையே குடிமை உரிமை இயக்கத்தின் ஊர்வலங்கள் மீது பயன்படுத்துவார்கள்.

அந்தக் கணக்குச் சரியென்று காட்டியது மிசிசிப்பியின் போர்ட் கிப்சன் என்ற சிற்றூர். 1966 மார்ச்சில் அங்கிருந்த கறுப்பின மக்கள் கோரிக்கைப் பட்டியல் ஒன்றை முன்வைத்தார்கள். பள்ளிகளில் ஒதுக்கல் நீங்க வேண்டும், கறுப்பினக் காவலர்களை நியமிக்க வேண்டும் என்பவற்றோடு, வளர்ந்த மனிதர்களைப் 'பையா' என்று அழைக்காமல் 'திரு', 'திருமதி' என்று அழைக்க வேண்டும் என்பதும் அந்தப் பட்டியலில் இருந்தது. (டீக்கடையில் தனிக் குவளை வைத்த ஊர்களை அறிந்த நமக்கு அந்தக் கோரிக்கையின் கனத்தை விளக்க வேண்டியதில்லை.) கோரிக்கைகள் ஏற்கப்படவில்லை. வெள்ளையரின் கடைகளைப் புறக்கணிக்கும் போராட்டம் தொடங்கியது. கடை வாசல்களில் ஆட்கள் நின்று, உள்ளே சென்ற கறுப்பினத்தவரின் பெயர்களைக் குறித்தார்கள். அவை தேவாலயத்தில் வாசிக்கப்பட்டன. என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் கள அலுவலர் சார்ல்ஸ் எவர்ஸ், 1963இல் சுட்டுக் கொல்லப்பட்ட குடிமை உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸின் அண்ணன், 1969இல் ஒரு கூட்டத்தில் அந்த இனவெறிக் கடைகளுக்குள் யாரையாவது பிடித்தால் கழுத்தை முறித்துவிடுவோம் என்று பேசினார்.

வணிகர்கள் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். மிசிசிப்பி நீதிமன்றம் 12,50,699 டாலரைப் போராட்டக்காரர்கள் மீது சுமத்தியது. வழக்கு 1982இல் உச்ச நீதிமன்றத்திற்கு வந்தபோது எவர்ஸின் அந்தப் பேச்சைக் காத்தது எது? கிளான் தலைவருக்காக 1969இல் வகுக்கப்பட்ட அதே உடனடித் தூண்டல் விதி. உணர்ச்சிமிக்க உரை அது, அதைத் தொடர்ந்து உடனே வன்முறை நிகழவில்லை, ஆகவே அதற்குப் பாதுகாப்பு உண்டு என்றது நீதிமன்றம். வன்முறையில் இறங்கிய தனிநபர்கள் அதற்குப் பொறுப்பாவார்கள். அமைதியாகப் புறக்கணித்தவர்கள் பொறுப்பாக மாட்டார்கள் என்றும் பிரித்துச் சொன்னது.

சுருக்கமாக: வன்முறையைப் பற்றிப் பேசுவதற்கும் வன்முறையை உடனே மூட்டிவிடுவதற்கும் நடுவே சட்டம் ஒரு கோடு கிழித்தது. கோடு எங்கே விழ வேண்டும் என்பதைக் கிளான் வழக்கு தீர்மானித்தது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து அந்தக் கோட்டின் இப்பக்கம் நின்று தப்பித்தவர்கள் கறுப்பினப் போராட்டக்காரர்கள்.

எரியும் சிலுவை: அதே தீ, வேறு வேறு விடைகள்

மிரட்டல் என்ற விலக்கை விளங்கிக்கொள்ளச் சிலுவை எரிப்பு வழக்குகளைவிடப் பொருத்தமானவை இல்லை. 1990இல் மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் சில இளைஞர்கள், உடைந்த நாற்காலிக் கால்களை ஒட்டுநாடாவால் சேர்த்து ஒரு சிலுவையைச் செய்து, ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வேலியிட்ட முற்றத்திற்குள் இரவில் எரித்தார்கள். அத்துமீறி நுழைந்தது, தீ வைத்தது என்று குற்றம்சாட்ட எத்தனையோ சட்டங்கள் இருந்தன. நகரம் அவற்றோடு நில்லாமல், இனம் அல்லது மதம் சார்ந்து சினமூட்டும் சின்னங்களைத் தண்டிக்கும் தன் சொந்த விதியையும் கையில் எடுத்தது. 1992இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்துசெய்தது. செயலைத் தண்டியுங்கள், குறிப்பிட்ட கருத்துகளை மட்டும் தேர்ந்தெடுத்துத் தண்டிக்காதீர்கள் என்பது அதன் சாரம்.

அடுத்த ஆண்டே, இன வெறுப்பால் ஒருவரைத் தேர்ந்தெடுத்துத் தாக்கினால் தண்டனையைக் கூட்டலாம் என்ற விஸ்கான்சின் மாநிலச் சட்டத்தை அதே நீதிமன்றம் ஏற்றது. அடிப்பது பேச்சன்று. பிறகு 2003இல் வர்ஜீனியாவிலிருந்து வந்த வழக்கில், அச்சுறுத்தும் நோக்கத்தோடு சிலுவையை எரிப்பதைத் தடைசெய்யலாம் என்றது. கறுப்பினக் குடும்பத்தின் முற்றத்தில் எரிப்பது மிரட்டல். கிளான் தன் கூட்டத்தில், நில உரிமையாளரின் இசைவோடு எரிப்பது எவ்வளவு அருவருப்பானாலும் கருத்து வெளிப்பாடாக இருக்கக் கூடும். ஆகவே எரித்ததை மட்டுமே வைத்து நோக்கத்தை ஊகிக்கக் கூடாது. அன்று அமர்விலிருந்த ஒரே கறுப்பின நீதிபதியான கிளாரன்ஸ் தாமஸ் உடன்படவில்லை. தெற்கில் வளர்ந்த அவர், எரியும் சிலுவை ஒருபோதும் வெறும் கருத்தன்று, அது அச்சுறுத்தும் செயல் மட்டுமே என்று எழுதினார். பல விஷயங்களில் நான் ஏற்காத நீதிபதி அவர். இந்த ஒன்றில் அவர் சொல்வதில் மற்ற எட்டுப் பேருக்கும் தெரியாத ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

வேலையிடத்திலும் கல்லூரியிலும்

வேலையிடத்தில் நிலைமை வேறு. 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டப்படி, இன அடிப்படையிலான வசைகள் கடுமையாகவோ தொடர்ச்சியாகவோ இருந்து வேலைச் சூழலையே பகைமை நிறைந்ததாக மாற்றினால் முதலாளி பொறுப்பேற்க வேண்டும். தெருவில் நின்று ஒருவர் கத்துவதைக் கேட்காமல் நாம் நடந்துபோகலாம். அன்றாடம் பக்கத்து மேசையிலிருந்து வரும் வசையைவிட்டு ஒரு தொழிலாளி எங்கே போவார் என்பதுதான் இதன் நியாயம்.

கல்லூரி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 1980களின் இறுதியில் இனவெறி நிகழ்வுகள் பெருகியபோது அரசு நடத்தும் மிச்சிகன் பல்கலைக்கழகம் இழிபேச்சைத் தண்டிக்கும் ஒரு விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. 1989இல் ஒன்றிய நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. எது குற்றம், எது கல்விசார் விவாதம் என்று யாராலும் சொல்ல முடியாத அளவுக்கு அது தெளிவற்றிருந்தது. அந்த விதி நடைமுறையிலிருந்த காலத்தில் வெள்ளை மாணவர்கள் கறுப்பின மாணவர்கள் மீதே பல புகார்களைக் கொடுத்தார்கள் என்பதை, பேச்சுரிமை வழக்குகளை நடத்தும் அமெரிக்கக் குடிமைச் சுதந்திரச் சங்கத்தின் (ஏ.சி.எல்.யு.) முன்னாள் தலைவர் நடீன் ஸ்ட்ராசன் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டியிருக்கிறார்.

விலையைச் செலுத்துபவர் யார்?

இந்தச் சட்ட அமைப்பைக் கடுமையாக விமர்சிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய வாதத்தைத் தணிக்கை மோகம் என்று ஒதுக்குவது சோம்பல். மாரி மட்சுடா, ரிச்சர்ட் டெல்கடோ, சார்ல்ஸ் லாரன்ஸ் ஆகிய சட்ட அறிஞர்கள் 1980களில் முன்வைத்த கேள்வி இது: இனவெறிப் பேச்சைப் பொறுத்துக்கொள்வதன் சுமையைச் சமூகம் முழுவதும் பகிர்ந்துகொள்கிறதா? இல்லை, செலுத்தும் வலு குறைந்தவர்கள் மீதே அது ஓர் உளவியல் வரியாக விழுகிறது என்றார் மட்சுடா. மேலும், வசைக்கு ஆளானவர் அச்சத்தில் வாய்மூடிப் போனால் விவாதத்திலிருந்து ஒரு குரல் வெளியேறிவிடுகிறதே, அது பேச்சுரிமைக்கு நேர்ந்த இழப்பாகாதா என்றும் அவர்கள் கேட்டார்கள். ஜெர்மனி மக்களிடையே வெறுப்பைத் தூண்டும் பேச்சைக் குற்றமாக்கியிருக்கிறது. அதனால் அங்கே மக்களாட்சி குலைந்துவிடவில்லை.

அமெரிக்காவும் ஒருகாலத்தில் அந்தப் பாதையில் கால்வைத்தது. கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் துண்டறிக்கைகளைச் சிக்காகோவில் விநியோகித்த ஒரு வெள்ளை ஆதிக்கவாதிக்கு விதிக்கப்பட்ட 200 டாலர் அபராதத்தை 1952இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உறுதிசெய்தது. மாறுபட்ட நீதிபதி ஹியூகோ பிளாக், சிறுபான்மையினர் இதைத் தங்கள் வெற்றியாகக் கொண்டாடினால், "இன்னொரு முறை இப்படி வென்றால் நான் அழிந்தேன்" என்ற பண்டைய கூற்றை நினைத்துப் பார்க்கட்டும் என்று எழுதினார். அந்தத் தீர்ப்பு முறைப்படி நீக்கப்படவில்லை. ஆனால் அதற்குப் பின் வந்தவை அதன் அடித்தளத்தை அரித்துவிட்டதால் இன்று யாரும் அதை நம்பி வழக்காடுவதில்லை.

என் சார்பை மறைக்க விரும்பவில்லை. 1960களின் அலபாமா அரசின் கையில் ஒரு வெறுப்புப் பேச்சுச் சட்டம் இருந்திருந்தால் முதலில் கைதாகியிருப்பவர் யார் என்று கேட்டால், பிளாக் சொன்னதே சரியாகப் படுகிறது. ஆயினும் மட்சுடா சொன்ன வரியை யார் கட்டுகிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ளாமல் பேச்சுரிமையைப் புகழ்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அரசே பேசும்போது

கடைசியாக, புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடும் ஒரு விதி. அரசு பிறருடைய பேச்சில் பாகுபாடு காட்டக் கூடாது. தன் சொந்தக் குரலில் பேசும்போது மட்டும் தான் விரும்பிய கருத்தைத் தேர்ந்துகொள்ளலாம். இதற்கு 'அரசின் பேச்சு' என்று பெயர். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலக் கூட்டமைப்பின் கொடியை வாகன எண் பலகையில் பொறிக்க வேண்டும் என்று ஒரு சங்கம் கேட்டபோது டெக்சாஸ் மறுத்தது. எண் பலகை மாநிலத்தின் பேச்சு, ஆகவே மறுக்கலாம் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று தீர்த்தது. பொது இடத்தில் அரசு நிறுத்தும் சிலைகளும் இதே வகையைச் சேர்ந்தவை. ரிச்மண்ட் நகரில் 1890 முதல் நின்ற, அந்தக் கூட்டமைப்பின் தளபதி ராபர்ட் லீயின் சிலையை 2021 செப்டம்பரில் வர்ஜீனியா அரசு அகற்றியபோது, அதனால் எவருடைய பேச்சுரிமையும் பறிபோகவில்லை.

ஆனால் இந்த விதி இரு பக்கமும் வெட்டும். ஃபுளோரிடா 2022இல் இயற்றிய சட்டம், ஒருவர் தம் இனத்தின் காரணமாகவே ஒடுக்குபவராகிறார், தம் இனத்தவர் முன்பு செய்தவற்றுக்காகக் குற்றவுணர்வு கொள்ள வேண்டும் என்பன போன்ற கருத்துகளை வகுப்பறையிலும் பணியாளர் பயிற்சியிலும் வலியுறுத்தக் கூடாது என்றது. தனியார் நிறுவனங்களின் பயிற்சியைக் கட்டுப்படுத்திய பகுதி முதல் திருத்தத்தை மீறுவதாக 2024 மார்ச்சில் ஒன்றிய மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. அது எளிதான பகுதி. நிறுவனம் தன் ஊழியர்களிடம் பேசுவது அரசின் பேச்சாகாது. பல்கலைக்கழகத்தைப் பற்றிய பகுதிக்கு 2022 நவம்பரிலேயே ஒரு மாவட்ட நீதிபதி இடைக்காலத் தடை விதித்தார். அந்த வழக்கில் மாநிலத்தின் வாதம், அரசுச் சம்பளம் வாங்கும் பேராசிரியர் வகுப்பில் சொல்வது அரசின் பேச்சு என்பதாகும். அந்த வாதம் நிற்குமானால், இனவெறியின் வரலாற்றை எப்படிக் கற்பிக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றமும் தீர்மானிக்கலாம். ஒரு மாநிலம் ஒன்றைக் கட்டாயமாக்கலாம், அடுத்த மாநிலம் அதையே தடைசெய்யலாம். அரசு ஊழியர் தம் பணியின் பகுதியாகப் பேசுவதற்கு முதல் திருத்தத்தின் காப்பு இல்லை என்று 2006இல் சொன்ன உச்ச நீதிமன்றம், பேராசிரியரின் கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் அது பொருந்துமா என்பதை அன்று முடிவுசெய்யாமல் விட்டுவைத்தது.